சூடானதும் நிற்கும் அம்பாசடர் மார்க் 4: காயிலா, கண்டென்சரா, பெட்ரோலா?

சேலம்_மார்க்4
வணக்கம். அப்பா காலத்து அம்பாசடர், 1986 மார்க் 4, பெட்ரோல். அந்தப் பழைய 1489 சிசி பிஎம்சி எஞ்சின்தான், டீசலுக்கு மாற்றவில்லை. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், பைபாஸில் அறுபதில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து ரோடு நெரிசலில் மாட்டினாலோ ஏற்காடு மலை ஏறினாலோ வம்புதான். நன்றாகச் சூடான பிறகு முதலில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் மிஸ் அடிக்கும், அப்புறம் குதிக்கும், அப்புறம் மொத்தமாக நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி புதுசு. பானெட்டைத் திறந்து வைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

பிளக், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி விடும் சுவிட்ச்), கண்டென்சர் (அந்தப் பாயிண்ட் கருகாமல் காப்பது) எல்லாம் மாற்றியாயிற்று. பேட்டரி கரண்டை ஸ்பார்க் அடிக்கும் வோல்டேஜுக்கு ஏற்றும் காயிலும் போன வருடம் ஒரு கடையில் புதிதாகப் போட்டதுதான். அதைத் தொட்டால் கையை வைக்க முடியாத சூடு. மெக்கானிக் இன்னொரு காயில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

கோவை_வயரிங்
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பாயிண்ட் செட் வைத்த வண்டியில் எது கெட்டாலும் முதலில் திட்டு வாங்குவது காயில்தான், கடைக்காரருக்கும் அதுதான் வசதி. நாற்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்த்திருக்கிறேன், கழற்றிப் போட்ட காயில்களில் பாதிக்கு மேல் நல்ல காயில்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான ஒரு விஷயம் இல்லை. வண்டி நின்ற அந்த நேரத்தில் ஸ்பார்க் இருந்ததா? ஆறிய பிறகு வீட்டில் வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை, அப்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நடுரோட்டில் நிற்கும்போதே பார்க்க வேண்டும். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் இருக்கும் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, காய்ந்த மரக்கட்டையாலோ நல்ல ரப்பர் பிடி போட்ட பிளையராலோ பிடித்துக்கொண்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கால் அங்குலத்தை நீல நிறத்தில் டிக் டிக் என்று சத்தத்தோடு தாண்டினால் காயில் குற்றவாளி இல்லை. மஞ்சளாக, மெலிசாக, பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் வந்தால், அப்புறம் பேசலாம். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே ஓட்டை போட்டுக்கொள்ளும்.

ஏர்லாக்_ஆறுமுகம்
ஸ்பார்க் எல்லாம் எதற்கு, கேட்டவுடனே சொல்லிவிடலாம், இது ஏர் லாக், பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைக்கிறது. நெரிசல், மலை ஏற்றம், சூடு, ஆறினால் ஸ்டார்ட்: நாலும் பொருந்துகிறது. ஏசி கம்பெனி பெட்ரோல் பம்ப் எஞ்சின் உடம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, பெட்ரோல் கொதிக்காமல் என்ன செய்யும்? அதிலும் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய பம்ப்பில் இருக்கும் ரப்பர் டயாப்ரத்தை அது உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள், ஓடும்.

சேலம்_மார்க்4
ஆறுமுகம் அண்ணே, மெக்கானிக்கும் ஒருமுறை ஈரத்துணி போட்டார், வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் தண்ணீர் ஊற்றியபோது பம்ப், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று எல்லாப் பக்கமும் தெறித்தது. அதனால் எது ஆறியதால் ஓடியது என்று தெரியவில்லை.

கோவை_வயரிங்
இதுதான் வேடிக்கை. காயில், கண்டென்சர், பம்ப் மூன்றுமே சூட்டில் படுத்து ஆறினால் எழுந்துகொள்ளும். "ஆறினால் ஓடுகிறது" என்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி மூச்சு வாங்கி, தொய்ந்து, இழுவை போய் நிற்கும். அந்த நேரத்தில் சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) கொஞ்சம் இழுத்தால் சிறிது தூரம் பிழைத்துக்கொள்ளும். கரண்ட் போய் நிற்கும் வண்டி குதிக்கும், சைலன்சரில் டமார் என்று வெடிக்கும், இல்லையென்றால் சாவியைத் திருப்பியது போலப் பட்டென்று ஆஃப் ஆகும்.

உங்களுடையது முதலில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது என்கிறீர்கள். எனக்கு இங்கேதான் காது நிமிர்கிறது. மிதித்தால் சிலிண்டருக்குள் கலவை அதிகம் போகும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சும்மா ஐட்லிங்குக்குப் போதுமான பலவீனமான ஸ்பார்க், மலை ஏற்றத்தில் காலை வாரிவிடும்.

அடுத்த முறை இரண்டு ஈரத்துணி கொண்டு போங்கள். முதலில் காயிலுக்கு மட்டும் சுற்றுங்கள், மேலே டெர்மினல் பக்கம் ஈரம் படக் கூடாது. பம்ப்பைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஆறுமுகம் சொன்னபடி பம்ப்புக்குப் போடுங்கள்.

யாழ்_கேம்பிரிட்ஜ்
வணக்கம் அண்ணைமார். யாழ்ப்பாணத்தில் எங்களிடம் ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ் நிற்கிறது. உங்கட அம்பாசடரின் எஞ்சினும் எங்கடதும் ஒரே குடும்பம், அதே 1489 சிசி பி சீரிஸ். அதனால் சொல்கிறேன், கொயிலுக்குக் காசு செலவழிக்க முதல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து உள்ளே பாயிண்டுக்குப் போகிற குட்டி வயரைப் பாருங்கள். பொறி அடிக்கிற நேரத்தை மாற்றுகிற வக்யூம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பேஸ் பிளேட் அசையும், அதோடு அந்த வயரும் வளைந்து நிமிரும். மேலே உறை நல்லாத்தான் இருக்கும், உள்ளே செப்புத் தும்பு ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் நிற்கும். மிதித்தால் பிளேட் திரும்பும், தொடுப்பு விடும், மிஸ் அடிக்கும். பிளேட்டை எர்த் பண்ணுகிற வயரும் அப்படித்தான். விரலால் பிளேட்டைத் திருப்பிக்கொண்டு மீட்டரில் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் எங்கட பக்கம் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினது. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் கரி பிடித்துக் கறுத்துப்போய் நிற்கும். அந்தக் கரிக்குள்ளாலும் பொறி அடிக்கிற கொயில்தான் நல்ல கொயில் என்று அப்ப சொல்லுவோம்.

மின்னியல்_குமார்
காயில் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நல்ல காயிலும் கோடையில் பானெட்டுக்குள் தொட முடியாத சூட்டுக்கு வரும், உள்ளே எண்ணெய் நிரப்பியிருப்பதே அந்தச் சூட்டை வெளித் தகட்டுக்குக் கொண்டுவரத்தான். எத்தனை ஓம் என்று அளந்து சொல்லுங்கள். இரண்டு சின்ன டெர்மினலிலும் இருக்கும் வயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மிகக் குறைந்த ஓம் ரேஞ்சில் வைத்து பிரைமரியை (காயிலுக்குள் இருக்கும் தடித்த கம்பிச் சுற்று) அளங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதைக் கழிக்க வேண்டும். மலிவு மீட்டர்களில் வயரே அரை ஓம் வரை காட்டும், நாம் அளக்கப்போவதே ஒன்றரையா மூன்றா என்றுதான். பிறகு ஒரு சின்ன டெர்மினலிலிருந்து நடு டெர்மினலுக்கு செகண்டரி. அது சில ஆயிரம் ஓம்கள், பழைய லூகாஸ் வகைக் காயில்களில் ஆறாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. செகண்டரி தலைமுடியை விட மெலிந்த கம்பி, பல்லாயிரம் சுற்று. அதில் எங்காவது விரிசல் இருந்தால் ஆறிய நிலையில் மீட்டர் சரியாகவே காட்டும், சூட்டில் விரிந்ததும் துண்டாகும். ஆகவே சூட்டோடும் ஒருமுறை அளங்கள். அப்போது ஓம் சற்றுக் கூடினால் பயப்பட வேண்டாம், செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 3.2 ஓம் இருப்பது 90 டிகிரியில் 3.9 வரை போகலாம்.

சேலம்_மார்க்4
நேற்று ஞாயிறு, வேண்டுமென்றே மதிய வெயிலில் ஏற்காடு ஏறினேன். எதிர்பார்த்தபடியே பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி படுத்தது. சோக் இழுத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

நடு வயரை எடுத்துப் பிடித்துத் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். கால் அங்குலத்தில் ஒன்றுமே இல்லை. ஒட்டிக் கொண்டுபோனால் ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி ஒன்று, அதுவும் விட்டுவிட்டு. காயிலுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றினேன், துணி வைத்ததும் சுர்ரென்று ஆவி வந்தது. இரண்டு தடவை நனைத்துச் சுற்றியதும் ஸ்டார்ட். பம்ப்பைத் தொடவே இல்லை, மன்னிக்கவும் ஆறுமுகம் அண்ணே.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தேன். யாழ் அண்ணன் சொன்ன வயர் நன்றாகவே இருக்கிறது, பிளேட்டைத் திருப்பியும் தொடர்பு விடவில்லை. ஆனால் போன மாதம் போட்ட பாயிண்ட் அதற்குள் நீலம் பூத்துக் கறுத்துவிட்டது, ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மேடு.

மீட்டர்: முனைகளைத் தொட வைத்தால் 0.4. காயில் பிரைமரி 1.9. செகண்டரி எட்டாயிரத்துச் சொச்சம்.

கோவை_வயரிங்
வந்துவிட்டது பாருங்கள். 1.9-இல் 0.4 போனால் ஒன்றரை ஓம். தம்பி, உங்கள் வண்டியில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயர் வழியில் வெள்ளைப் பீங்கான் கட்டை மாதிரி ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா?

சேலம்_மார்க்4
இல்லை ஐயா. சாவியிலிருந்து நேராக வருகிறது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் காயில் பிளஸ்ஸில் அளந்தேன், கிட்டத்தட்ட 12 வோல்ட் முழுதாக வருகிறது.

கோவை_வயரிங்
அப்படியென்றால் உங்கள் வண்டிக்கு மாட்டியிருப்பது வேறு ஜாதிக் காயில். காயில் இரண்டு விதம். ஒன்று, நேராக 12 வோல்ட்டில் வேலை செய்வது, பிரைமரி மூன்று ஓம் சுமார். இன்னொன்று பாலாஸ்ட் காயில், ஒன்றரை ஓம். இதற்கு வெளியே இன்னொரு ஒன்றரை ஓம் ரெசிஸ்டர் கட்டாயம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அந்த ரெசிஸ்டரைத் தாண்டி முழு பேட்டரி வோல்டேஜும் காயிலுக்குப் போகும், ஸ்டார்ட்டர் இழுத்து பேட்டரி ஒன்பது, பத்துக்கு இறங்கினாலும் ஸ்பார்க் குறையாது. ஸ்டார்ட் ஆனதும் ரெசிஸ்டர் வழியாக ஆறு, எட்டு வோல்ட்தான். குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அந்தக் காயிலை மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு பாயும். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர், ஒன்றரையால் வகுத்தால் 8. பாயிண்ட் கருகியதும் அதனால்தான், காயில் கொதித்ததும் அதனால்தான். கண்டென்சர் பாவம், அதன் மேல் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா. சிலதில் பாலாஸ்டோடு பயன்படுத்தவும் என்று அடித்திருக்கும், டூப்ளிகேட்டில் அதுவும் இருக்காது. கவுண்டரில் "அம்பாசடர் காயில்" என்று கேட்டால் கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போதே மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அளங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

மின்னியல்_குமார்
நெரிசலில் ஏன் படுக்கிறது, பைபாஸில் ஏன் இல்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க். 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு. ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் இடையே 10 மில்லி செகண்ட், அதில் பாயிண்ட் மூடியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு. காயிலில் கரண்ட் உடனே உச்சத்துக்கு ஏறாது, சில மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டு ஏறும், ஏறி நின்று சூடாக்குவதற்குள் பாயிண்ட் திறந்துவிடும். 600 ஆர்பிஎம் ஐட்லிங்கில் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் முப்பது மில்லி செகண்டுக்கு மேல், கரண்ட் சீக்கிரமே உச்சத்துக்குப் போய் மிச்ச நேரமெல்லாம் வெறும் சூடு. போதாததற்கு நெரிசலில் காற்றோட்டமும் இல்லை. சாவியைப் போட்டுவிட்டு எஞ்சினை ஓட்டாமல் விட்டால் இன்னும் மோசம். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் உங்கள் காயிலில் சுமார் 100 வாட் தொடர்ந்து எரியும். பாட்டுக் கேட்க சாவியை இக்னிஷனில் விடுகிறவர்கள் கவனிக்க.

ஹெரால்ட்_பெருங்களத்தூர்
எங்கள் ஊரில் பிறந்த வண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருக்கிறேன். என் கேள்வி: இருக்கிற ஒன்றரை ஓம் காயிலோடு ஒரு பாலாஸ்ட் ரெசிஸ்டர் சேர்த்தால் போதாதா? ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்குமே. என் வண்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

கோவை_வயரிங்
போடலாம், தப்பில்லை. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டரைத் தாண்டும் தனி வயரை சொலினாய்டிலிருந்து (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இழுக்க வேண்டும், அதற்கு ஏற்ற டெர்மினல் சொலினாய்டில் இருக்க வேண்டும். அந்த வயர் இல்லாமல் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் பாலாஸ்டின் லாபம் கிடைக்காது, வெறுமனே சுற்றி வளைத்து மூன்று ஓம் ஆக்கியதுதான் மிச்சம். ரெசிஸ்டரே இருபது வாட்டுக்கு மேல் சூடு கக்கும், வயர்கள் உரசாத இடத்தில் தகட்டோடு மாட்ட வேண்டும். சேலத்தில் குளிர் என்ன பெரிய குளிர்? என் ஓட்டு மூன்று ஓம் காயிலுக்கு. எப்படியும் இந்தக் காயில் ஒரு வருடம் வெந்திருக்கிறது, உள்ளே இன்சுலேஷன் என்ன கதி என்று யாருக்குத் தெரியும்.

யாழ்_கேம்பிரிட்ஜ்
புதுக் கொயில் மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாறாமல் பாருங்கள். நெகடிவ் எர்த் (பேட்டரி மைனஸ் பொடியில் தொடுத்த) வண்டியில் சாவி வயர் பிளஸ்ஸுக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் வயர் மைனஸுக்கு. எங்கட பழைய கொயிலில் எஸ்டபிள்யூ (சாவி பக்கம்), சிபி (பாயிண்ட் பக்கம்) என்றுதான் அடித்திருந்தது, அது பாசிடிவ் எர்த் காலத்துச் சாமான். வண்டியை நெகடிவ் எர்த்துக்கு மாற்றினவர் கொயில் வயரை மாற்றாமல் விட்டுவிட்டார், ஓடினது, ஆனால் பொறியில் பலம் இல்லை. மாறிப்போனாலும் வண்டி ஓடும், அதுதான் கள்ளம். பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து பொறி கிளம்பினால்தான் குறைந்த வோல்டேஜில் தாண்டும், தலைகீழானால் கூட வேண்டும்.

மீட்டர் இல்லாவிட்டால் பென்சில் போதும். பிளக் வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் பொறி பாயும் இடைவெளியில் பென்சிலின் கூர் முனையை நீட்டுங்கள், மரத்தைப் பிடியுங்கள், கரியைத் தொடாதீர்கள். பென்சிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் ஆரஞ்சாக விரிந்தால் சரி. வயர் பக்கம் விரிந்தால் மாறிக் கிடக்கிறது.

சேலம்_மார்க்4
அப்டேட். கடையில் மூன்று காயில் எடுத்துக் காட்டினார்கள், மூன்றையும் கவுண்டரிலேயே அளந்தேன். இரண்டு ஒன்றரை ஓம்! மூன்றாவது 3.2, அதை வாங்கினேன். டெர்மினல் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி மாட்டினேன். புதுப் பாயிண்ட், இடைவெளி பீலர் கேஜில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). பிளக் 25 தௌ. கண்டென்சரை மாற்றவில்லை.

அதே மதிய வெயிலில் ஏற்காடு. மேலே வரைக்கும் ஒரு மிஸ் இல்லை. ஏரிப் பக்கம் நிறுத்தி நடு வயரை எடுத்துப் பார்த்தேன், கால் அங்குலத்துக்கு நீலமாகச் சத்தத்தோடு அடிக்கிறது. காயில் சூடுதான், ஆனால் கை வைத்து எடுக்கலாம்.

ஒரே ஒரு குறை. மேலே போய் நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் தடுமாறுகிறது, சோக் இழுத்தால் சரியாகிறது.

ஏர்லாக்_ஆறுமுகம்
சோக் இழுத்தால் சரியாகிறதா! நான் எத்தனை நாளாகச் சொல்கிறேன். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா பாருங்கள், பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ஓடினால் தள்ளிக் கட்டுங்கள்.

கோவை_வயரிங்
இந்தத் தடவை ஆறுமுகம் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) ஒருமுறை சரிபாருங்கள், பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே நகரும். பாயிண்டைத் திறந்து மூடும் கேமில் உரசும் புதுப் பாயிண்டின் ஃபைபர் குதிங்காலும் முதலில் கொஞ்சம் தேய்ந்து உட்காரும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். கேமில் துளி கிரீஸ் தடவினீர்களா?

பத்மினி_புதுவை
இழையின் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பிரீமியர் பத்மினியில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போட ஆசை. எனக்கும் இந்த ஓம் கணக்கெல்லாம் உண்டா?

மின்னியல்_குமார்
உங்களுக்கு இன்னும் அதிகமாகவே உண்டு. பாயிண்ட் கருகினால் எமரி போட்டுத் தேய்த்தாவது வீடு போய்ச் சேரலாம், மாட்யூல் கருகினால் வண்டியைக் கட்டித்தான் இழுக்க வேண்டும். வாங்கும் மாட்யூலோடு வரும் தாளில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் காயில் என்று போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். சாதாரண மாட்யூலுக்கு மூன்று ஓம் காயில் பாதுகாப்பானது. சில மாட்யூல்கள் சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் நின்றால் கரண்டைத் தானாக நிறுத்திவிடும், சிலது நிறுத்தாது, அதையும் கேட்டு வாங்குங்கள். பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தால் ஒரே நொடியில் செத்துவிடும். கழற்றிய பாயிண்ட், கண்டென்சர் செட்டை ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

சேலம்_மார்க்4
கோவை ஐயா, கிரீஸ் தடவினேன், துளிதான். டைமிங் இந்த ஞாயிறு பார்க்கிறேன். பம்ப் பேக்கிங்கைப் பார்த்தேன் ஆறுமுகம் அண்ணே, தடித்தது இல்லை, யாரோ மெல்லிய காகித பேக்கிங் மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இங்கே கடையில் கிடைக்கவில்லை, உங்கள் பக்கம் கிடைக்குமா?

ஏர்லாக்_ஆறுமுகம்
ஈரோட்டில் பழைய சாமான் கடையில் இருக்கும், விசாரிக்கிறேன். போல்ட்டும் நீளமானது வேண்டும், இப்போது இருப்பதன் நீளத்தை அளந்து எழுதுங்கள்.